வண்டிக்கு அடியில்

எங்கள் தாத்தாவிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது. அதைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் ஒரே வாசகத்தைத்தான் சொல்லுவார்: "முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஒருநாள்கூட வழியிலே நிறுத்தினது கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்லுகிறவர்கள்கூட அத்தனை பூரிப்போடு சொல்லமாட்டார்கள். நான் பார்த்த காலத்தில் மாடுகளை விற்றுவிட்டிருந்தார். வண்டி மாத்திரம் புளியமரத்து நிழலில் நுகத்தடியை மண்ணில் ஊன்றிக்கொண்டு கிடந்தது. நாங்கள் பேரப் பிள்ளைகள் அதன் கூண்டுக்குள் புகுந்துகொண்டு, காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வருவோம்.

அந்த விளையாட்டில் ஒரு நாள், வண்டிக்கு அடியில் ஒளியப் போன நான் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். அச்சுக்குப் பின்புறம், அதற்கு இணையாக, இன்னொரு இரும்பு அச்சு கனத்த கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. துருப்பிடித்துப் போயிருந்தாலும் அது ஒருநாளும் சக்கரத்தைத் தாங்கியதில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"இது எதுக்குத் தாத்தா?"

"சும்மா கிடக்கட்டும்னு கட்டி வெச்சேன்" என்றார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். தாத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஒருநாளும் வழியில் நிற்காத வண்டிக்கு மாற்று அச்சு எதற்கு? அந்த வயதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. தோன்றியபோது கேட்பதற்குத் தாத்தா இல்லை.

*

சமீபத்தில் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பினார். அங்கே அவருடைய சம்பந்தி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீடு ஒன்று வாங்கியிருக்கிறாராம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள். ஏரிக்கரையில் கொண்டு போய் நிறுத்தினால் அதுதான் ஊர், அதுதான் வீடு. வாங்குவதற்கு முன்னால் சம்பந்தி, ஏற்கெனவே அதே வண்டி வைத்திருந்த நாலைந்து பேரைத் தேடிப் போய் விசாரித்தாராம். விலையைக் கேட்கவில்லை, வசதியைக் கேட்கவில்லை. "நடுவழியில் கை கொடுக்குமா?" என்பதுதான் ஒரே கேள்வி. எல்லாரும் ஒரே குரலில், "தங்கமான வண்டி, ஒரு தொந்தரவும் இல்லை" என்றார்களாம்.

கதையை முடித்துவிட்டு நண்பர் பெருமூச்சு விட்டார். "நம்மவர்களுக்கு இந்த மாதிரி ஒரு யோசனை தோன்றியதே இல்லை, பார்த்தீர்களா?"

எனக்குத் தாத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஐரோப்பியர்கள் இழுவை வீட்டுக்குச் சரித்திரம் எழுதும்போது, உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டிய முதல் வண்டியாக ஒன்றைச் சொல்லுவார்கள். 1885ஆம் வருஷம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. சொந்தக்காரர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கு சாகசக் கதை எழுதிப் பெயர் வாங்கியவர். நம் ஜாதி, அதாவது எழுத்தாளர் ஜாதி! வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'வாண்டரர்', நாடோடி. கிட்டத்தட்ட இரண்டு டன் கனம். இரண்டு குதிரைகள் இழுக்க வேண்டும். கூடவே ஒரு வண்டிக்காரர், எதிரே வருகிறவர்களை எச்சரிக்க முச்சக்கர சைக்கிளில் முன்னால் போகும் வேலையாள், ஒரு பெரிய நாய், ஒரு கொண்டைக்கிளி. இந்தப் பரிவாரத்தோடு தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போய், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அந்த வண்டி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பிறகு மோட்டார் வந்தது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936இல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற அலுமினிய வண்டியை வெளியிட்டார். தம் வண்டியின் உறுதியை உலகத்துக்குக் காட்ட, 1959இல் வண்டிச் சொந்தக்காரர்களையே ஊர்வலமாகத் திரட்டி, ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து எகிப்திலுள்ள கெய்ரோவுக்கு அழைத்துப் போனார். பிரமிடுகளுக்கு முன்னால் அந்த வெள்ளி வண்டிகள் வரிசையாய் நிற்கும் படம் பிரசித்தமானது. வியாபாரிக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? "நான் சொல்லவில்லை, வைத்திருக்கிறவர்கள் சொல்லுகிறார்கள்" என்று சொல்லிவிடலாம்.

வைத்திருக்கிறவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? என் நண்பருடைய சம்பந்திக்கு அது பணத்தைப் பற்றிய கேள்வி. எங்கள் குடும்பத்தில் அது வேறு விதமான கேள்வியாக இருந்தது. அதற்கு வருமுன் பழைய காலத்துக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும்.

*

நண்பர் பெருமூச்சு விட்டதற்குச் சங்க இலக்கியத்திலேயே பதில் இருக்கிறது. கடற்கரையில் விளையும் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போய் நெல்லுக்கு மாற்றி வந்த வணிகர்களை உமணர் என்பார்கள். அவர்கள் தனியாகப் போகமாட்டார்கள். மனைவி மக்களோடு, வரிசை வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு, மாதக் கணக்கில் வழியிலேயே குடித்தனம் நடத்துவார்கள்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியை நமக்கு முழுசாகக் காட்டிவிடுகிறார். மத்தளம்போல் ஒரே மரத்தில் கடைந்த குடம். அதிலிருந்து திருத்தமாகப் பாயும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றிக் கனத்த விளிம்பு. மேலே புல்லால் வேய்ந்த கூரை. அந்தக் கூரையைப் பார்த்தால் மலைமேல் மழை மேகம் கவிந்தாற்போல இருக்கிறது. தினைப்புனத்தில் யானை காப்பவர்களுடைய குடிசைபோலவும் இருக்கிறது. வாசல் பக்கம் கோழிக் கூடு. பெண் யானையின் முழங்காலை ஒத்த சின்ன உரல் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. காடிப் பாண்டம் ஒன்றை முன்புறம் கட்டி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் மாட்டை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள்.

படுக்கை, அடுக்களை, உரல், ஊறவைத்த பண்டம், முட்டைக்குக் கோழி! அமெரிக்கச் சம்பந்தியின் வண்டியில் இதற்கு மேல் என்ன இருந்துவிடப் போகிறது? ஸ்டேபிள்ஸ் டாக்டருக்குக் கொண்டைக்கிளி என்றால், சிறுபாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டிகளோடு ஒரு குரங்கு வருகிறது. அது உமணரின் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. பாலை வழியில் அவர்கள் தங்கிப் போன இடத்தில் விட்டுச் சென்ற அடுப்புக் கற்களைப் பிற்பாடு வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதாக அகநானூறு சொல்லுகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டிப் பாடியது. அரசகுமாரனைப் பாராட்ட ஆயிரம் உவமை இருக்கிறது. சிங்கம் உண்டு, சூரியன் உண்டு. ஔவையார் என்ன சொன்னார் தெரியுமா? மாடோ இளசு, வண்டியிலோ பாரம் அதிகம், வழியில் பள்ளம் வருமோ, மேடு வருமோ, யாருக்குத் தெரியும் என்று எண்ணி, உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டி வைக்கிற சேம அச்சைப் போன்றவன் நீ என்றார்!

முதன்முதல் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புளியமரத்து நிழலில், வண்டிக்கு அடியில் குப்புறப் படுத்துப் பார்த்த அந்த இரும்பு கண்முன் வந்து நின்றது.

ஔவையார் உமணர்களோடு பேசியிருக்க வேண்டும். வண்டி எப்படி என்று விசாரித்தால் அவர்களும் தாத்தாவைப்போல், "ஒரு குறையும் இல்லை, தாயே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஔவையார் சொன்னதைக் கேட்டதோடு நிற்காமல் குனிந்தும் பார்த்திருக்கிறார்.

*

எங்கள் புதுக்கோட்டைச் சீமை வழிப்பயணத்துக்குப் பழகிய பூமி. உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி கொடும்பாளூரில் சூலாயுதம்போல் மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு ஒரு மறையவர் விவரிக்கிறார். பின்னாளில் அதே கொடும்பாளூரில் மணிக்கிராமத்து வணிகர்கள் இருந்தார்கள். அங்கிருந்து தென்கிழக்கே இலுப்பூர், அன்னவாசல் பக்கமாக வந்தால் குடுமியான்மலை.

1730இல் விஜயரகுநாதராயத் தொண்டைமான் முடிசூடிக்கொண்டது குடுமியான்மலைக் கோயிலில்தான். அவர் காலத்தில் இந்தச் சீமையின் மாடுகள் சரித்திரத்தில் ஒரு காரியம் செய்தன. 1753இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை மைசூர்க்காரரும் பிரெஞ்சுக்காரரும் வளைத்துக்கொண்டார்கள். உள்ளே முகம்மது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலேயரும். கோட்டைக்குத் தானியம் போக மற்ற வழிகள் அடைபட்டுப் போனபோது தொண்டைமான் காட்டு வழிதான் மிஞ்சிற்று. அந்தக் காட்டுத் தடத்தில் பொதிமாடுகள் நெல் சுமந்தன. இதற்குப் பழி வாங்க 1754இல் எதிரிப் படை தொண்டைமான் சீமைக்குள் நுழைந்தது. ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஜனங்கள் மாடுகன்றுகளோடு காட்டுக்குள் போய்விட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் உதவியது வண்டியல்ல, பொதிமாடு. சாலை இல்லாத இடத்தில் எத்தனை நல்ல வண்டியும் பாரம்தான். மாட்டுக்கோ சாலை வேண்டியதில்லை. உள்நாடெங்கும் வண்டி பெருகியது பிற்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல சாலைகள் போடப்பட்ட பிறகுதான். ஆகவே, "இந்த வண்டியை நம்பலாமா?" என்ற கேள்வியில் பாதி, "இந்தச் சாலையை நம்பலாமா?" என்பது. 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்த பிறகும், ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வருவதற்குக் கூண்டு வண்டிதான் துணை.

சாலை ஏற்பட்ட பிறகு வண்டியின் மேல் நம்பிக்கை எப்படி ஏற்பட்டது? அதைத் தச்சுப் பட்டறையில்தான் பார்க்க வேண்டும். குடுமியான்மலைக்கு அருகே ஒரு கிராமத்தில், வண்டிச் சக்கரம் செய்தே வயதான ஓர் ஆசாரியார் எனக்குப் பாடம் சொன்னார்.

சக்கரம் பார்ப்பதற்கு ஒரே உருப்படியாகத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம். நடுவில் குடம். குடத்தில் செருகிய ஆரக்கால்கள். வெளியே வளைந்த மரத் துண்டுகள், அவை வட்டைகள். வட்டை ஒன்றுக்கு இரண்டு ஆரக்கால் கணக்கு. பன்னிரண்டு கால் வைத்தால் ஆறு வட்டை. நாட்டுக் கருவேலம் உத்தமமான மரம். இத்தனைக்கும் ஆணியால் அடித்துச் சேர்க்கிற வேலையே கிடையாது. எல்லாவற்றையும் கட்டிப் போடுகிறது வெளியே ஏற்றுகிற இரும்புப் பட்டா. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டாவைச் சற்றுச் சிறிதாகவே அடிப்பார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி அதைச் சிவக்கக் காய்ச்சினால், இரும்பு விரிந்து கொடுக்கும். நாலு பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தின்மேல் மாட்டித் தட்டி இறக்கியவுடன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும். அப்போது வட்டை ஆரக்காலையும், ஆரக்கால் குடத்தையும் நெருக்கும். "அந்த நேரம் சக்கரம் ஒரு சத்தம் போடும் பாருங்க. அந்தச் சத்தத்திலேயே ஆயுசு தெரிஞ்சுரும்" என்றார் ஆசாரியார்.

"கோடையிலே மரம் வத்திப் போய்க் கலகலத்துரும். சொந்தக்காரன் கெட்டிக்காரனா இருந்தா வண்டியை ஏரித் தண்ணியிலே இறக்கி ஊறப்போடுவான். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயிலே குழைச்ச மையை அச்சுக்குப் போடுவான். கடையாணியைத் தினம் தொட்டுப் பார்ப்பான். வண்டியிலே என்னங்க இருக்கு? பாக்கறவன் கையிலே இருக்கு."

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. தாத்தா காலத்துச் சொந்தக்காரர்களுடைய திருப்திக்குக் காரணம் வண்டி கெடாது என்பதல்ல. கெட்டால் எந்த ஊரிலும் ஒரு தச்சரும் ஒரு கொல்லரும் இருந்தார்கள். அதே மரம், அதே இரும்பு, அதே அளவு. இன்றைக்கு மோட்டாரில் போகிறவர் வழியில் நின்றுவிட்டால் நூறு மைலுக்கு அப்பாலிருந்து சாமான் வர வேண்டியிருக்கிறது.

ஆனால் பழமைக்கு வக்காலத்து வாங்குவதோடு நிறுத்திவிட்டால் நான் தாத்தாவின் பேரனே தவிர சரித்திரம் எழுதுகிறவன் ஆகமாட்டேன். மறுபக்கமும் உண்டு. 1970களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். ராக்கெட்டைப் பற்றிப் பேசினால் கைதட்டுகிற காலத்தில் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். நாட்டில் ஒரு கோடிக்கு மேல் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றை யாரும் சீர்படுத்தவில்லை. அச்சில் உராய்வு அதிகம். இரும்புப் பட்டா சாலையை அறுக்கிறது. பாரம் முழுவதும் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்குகிறது என்பது அவர் கட்சி. நாம் எல்லாரும் அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறோம். மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாளும் பூட்டியதையும் பார்த்திருக்கிறோம்.

வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் சொந்தக்காரர். மாட்டை யார் கேட்டார்கள்? பெரும்பாணாற்றுப்படையில் குழந்தையோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாளே, அவளை யார் கேட்டார்கள்?

ராஜஸ்தானத்தில் காடியா லோகார் என்ற கொல்லர் ஜாதியார் இருக்கிறார்கள். சித்தூர்க் கோட்டை 1568இல் வீழ்ந்தபோது, அது மீளும்வரை கூரை வீட்டில் தங்கமாட்டோம் என்று அவர்களுடைய மூதாதையர் சபதம் செய்ததாக ஐதிகம். தலைமுறை தலைமுறையாக மாட்டு வண்டியே வீடு. 1955இல் பிரதமர் நேரு அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று, சபதம் நிறைவேறிவிட்டது என்றார். அதற்குப் பிறகும் பலர் வண்டியை விட்டு இறங்கவில்லை. அது வண்டியின்மேல் உள்ள திருப்தியா, இறங்கி நிற்க நிலம் இல்லாததாலா? கேட்காமல் பதில் எழுதிவிடக் கூடாது.

*

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு நாவலுக்காகக் குடுமியான்மலையைப் பார்க்கக் கிளம்பினேன். அம்மாயியும் வருகிறேன் என்றாள். அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் அம்மாயி என்போம். அவள் பிறந்த ஊர் குடுமியான்மலைக்கு அடுத்தது.

பஸ் ஏறும்போது வழக்கம்போல் நின்றாள். எந்த வாகனத்தில் ஏறினாலும் முதலில் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பது அவள் பழக்கம்.

"அம்மாயி, பஸ்ஸுக்குக் கடையாணி கிடையாது" என்றேன்.

"உனக்குத் தெரியுமாக்கும்!" என்றாள்.

குடுமியான்மலைக் கோயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையடியில் சிகாநாதர். இறைவனுக்குச் சாத்த வேண்டிய மாலையை அர்ச்சகர் தம் காதலிக்குக் கொடுத்துவிட, அதில் இருந்த கூந்தல் இழையை அரசன் பார்த்துவிட, "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் சாதிக்க, இறைவனும் பக்தனுக்காகக் குடுமியோடு காட்சி கொடுத்தார் என்பது தலக்கதை. மலையின் மேலே பாறையில் அறுபத்துமூவர் வரிசையாக நிற்க, நடுவே அம்மையும் அப்பனும் ரிஷபத்தின்மேல் வீற்றிருக்கிறார்கள். அவர்களும் மாட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்!

குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது உலகப் பிரசித்தி பெற்ற சங்கீதக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்து. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு ராகத்துக்கு உரியது, சுரங்கள் நான்கு நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ருத்ராசாரியாரின் சிஷ்யனான ஓர் அரசன் செய்வித்தது என்று அதுவே சொல்லுகிறது. மகேந்திரவர்மன் என்றார்கள் சிலர். அதை மறுத்தார்கள் சிலர். 1904இல் இது கண்டெடுக்கப்பட்டது. பண்டார்க்கர் ஆராய்ந்து வெளியிட்டார். எழுத்து பெரும்பாலும் அழியாமல் நிற்கிறது. ஆனால் அதை அன்று எப்படி வாசித்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சுரம் கல்லில் இருக்கிறது. வாசித்த கை போய்விட்டது.

வண்டிக் கதை இதற்கு நேர் எதிர். அந்த ஆசாரியாரின் வித்தையை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. கையிலிருந்து கைக்கு மாறியே ஈராயிரம் வருஷம் வந்துவிட்டது. அவருடைய பிள்ளை திருப்பூரில் வேலை செய்கிறார். அந்தப் பட்டறையில் பட்டா காய்ச்சிப் பல வருஷம் ஆகிறது.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு ஆயிரங்கால் மண்டபத்து நிழலில் வந்து உட்கார்ந்தேன். அம்மாயி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பேச்சு எப்படியோ தாத்தாவின் வண்டிக்கு வந்தது. "முப்பது வருஷம், ஒருநாள்கூட..." என்று நான் அவருடைய குரலிலேயே ஆரம்பித்தேன்.

அம்மாயி சிரிக்கவில்லை.

"ஏய்யா, உங்கம்மா எங்கே பொறந்தான்னு உனக்கு யாரும் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. அன்றுதான் சொன்னாள்.

வளைகாப்பு முடிந்தும் நடவு வேலையைக் காரணம் சொல்லித் தாத்தா அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகு, ஐப்பசி மழையில், மணப்பாறைப் பக்கத்திலிருந்து சாயங்காலம் வண்டி கட்டினார். இருபது மைலுக்கு மேல். விடிய விடியப் பிரயாணம். கூடத் தாத்தாவின் தாயார். இலுப்பூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது பள்ளத்தில் சக்கரம் இறங்கி அச்சு முறிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்த அதிர்ச்சியில் வலி எடுத்துவிட்டது. தாத்தா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லரை எழுப்ப இலுப்பூருக்கு ஓடினார். மாமியார்க்காரி மாடுகளை அவிழ்த்துக் கட்டி, சாய்ந்த பக்கத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்து நிமிர்த்தினாள். வெளியே கொட்டுகிற மழை. உள்ளே வைக்கோல் மெத்தை. இருட்டில் அந்தக் கிழவியின் கை ஒன்றே துணை. தாத்தா புது இரும்போடு திரும்பி வந்தபோது விடிந்துவிட்டது. கூண்டுக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம்.

"செத்திருப்பேன்யா. அன்னிக்கு ராத்திரி நான் போயிருப்பேன். அவரு ஒண்ணும் பேசலே. அச்சை மாட்டினாரு. ஊரு வந்து சேர்ந்தோம். அதுக்கப்புறம் இன்னொரு அச்சு வாங்கி அடியிலே கட்டினாரு. ஒருநாளும் அவிழ்க்கலே. கேட்டா, சும்மா கிடக்கட்டும்பாரு."

சற்று நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. அந்தக் கூண்டு ஒரு சொட்டு ஒழுகலே" என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா சொன்னது பொய்யா? அவர் மனசறிந்து பொய் சொல்லுகிறவர் அல்ல. அந்த இரவை அவரால் கணக்கில் சேர்க்க முடியவில்லை. சேர்த்தால் நடவைக் காரணம் காட்டித் தாமதித்ததையும் சேர்க்க வேண்டும். தம் தாயும் மனைவியும் தனியாகப் பட்டதையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக முழு இரவையும் தள்ளிவிட்டு, "ஒருநாள்கூட நின்றதில்லை" என்று ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத தலைமுறை அது. வாயால் சொல்ல முடியாததை இரும்பாக வாங்கி வண்டிக்கு அடியில் கட்டி வைத்தார்.

அம்மாயி சொன்னதிலும் இரண்டு பாதி இருக்கிறது. வண்டி அவளைக் கைவிட்டது. வீடு அவளைக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே வண்டிதான். சொந்தக்காரர் திருப்தியோடு சொன்னதில் இந்த இரண்டுமே இல்லை.

என் நண்பரின் சம்பந்தி நாலைந்து பேரை விசாரித்தது நல்ல காரியம்தான். அவர்களுடைய மனைவிமாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடிந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு முறை பார்த்திருக்கலாம்.

*

தாத்தா காலமான பிறகு வண்டி விலைபோயிற்று. காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம் செய்கிற ஒருவர் வந்து சக்கரங்களை மட்டும் கேட்டார். இப்போதெல்லாம் ஓட்டல்களில் சுவரை அலங்கரிக்க வண்டிச் சக்கரம் வேண்டியிருக்கிறதாம். கூண்டு மட்கிப் போயிருந்தது. ஏற்றிப் போகும்போது அவர் அடியில் கட்டியிருந்த அச்சை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். "இது வேண்டாங்க, இது ஓடாத இரும்பு" என்றார்.

அதை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். ஊரில் மாட்டுக்கொட்டகைக் கதவுக்குக் குறுக்குத் தாழாக இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் அம்மா போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். கொட்டகையில் இப்போது மாடு இல்லை.